மொட்டை டயரோடு போன தம்பிக்கு

என் தங்கமே, முரளி,

நீ இப்போது இருக்கிற இடத்தில் யாராவது உன்னைப் பிடித்து உட்கார வைத்து இதைப் படித்துக் காட்டட்டும். நீயாகப் படிக்கமாட்டாய். நான் சொன்னதை என்றைக்கு நீ முழுசாகக் கேட்டிருக்கிறாய்? பாதியிலேயே சிரிப்பாய், "சரிக்கா, சரிக்கா" என்பாய், வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவாய். இனி நீ எங்கேயும் கிளம்ப முடியாது. அதனால் கேள்.

உன் தெருமுனையில் உனக்குப் பேனர் வைத்திருக்கிறார்கள். உன் மச்சான் பாபு ஏற்பாடு. கல்யாணப் போட்டோவிலிருந்து உன் முகத்தை மட்டும் வெட்டியெடுத்து, பின்னால் மேகத்தைப் போட்டு, இரண்டு பக்கமும் மெழுகுவத்தி எரியவிட்டு, கீழே பெரிய எழுத்தில் 'காலன் கவர்ந்து சென்றான்' என்று போட்டிருக்கிறான். பால் வாங்கப் போகும்போதெல்லாம் அது கண்ணில் படுகிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

காலனா கவர்ந்து சென்றான்? காலனுக்கும் உனக்கும் என்னடா பகை? உன்னைக் கொண்டுபோனது உன் ஸ்கூட்டரின் பின் டயர். அதில் ஒரு பட்டன்கூட மிச்சம் இல்லை. உரித்த முட்டை மாதிரி இருந்தது.

பேப்பரில் போட நினைவஞ்சலிக் கவிதை ஒன்று எழுதித் தரச்சொல்லிப் பாபு என்னிடம் கேட்டான். "நீங்கதான் படிச்சவங்க, எழுதுங்கக்கா" என்றான். எனக்குக் கவிதை வரவில்லை. வாயைத் திறந்தால் திட்டுதான் வருகிறது. அதனால் இதை எழுதுகிறேன், நாலு பேர் காதில் விழட்டும் என்றே எழுதுகிறேன்.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கலாம். அவர்களுக்கும் நீ யாரென்று தெரியவேண்டும். நீ ஏ.சி. மெக்கானிக். மில் தொழிலாளியின் மகன். முதலியார்பேட்டையில் எனக்கு அடுத்த தெருவில் உன் வீடு. வாரம் முழுக்க ஊரார் வீட்டு ஏ.சி.யைக் கழற்றி மாட்டுவாய். ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து பழைய பொம்மை வண்டிகளுக்குச் சக்கரம் மாட்டுவாய்.

படிக்கிறவர்கள் சிரிக்கவேண்டாம். எல்லாரும் இப்படித்தான் சிரித்தார்கள், உன் மனைவி சுமதி உட்பட. நான்தான் சிரிக்கவில்லை. நீ அதைச் செய்வதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். இப்போது அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

எல்லாம் மதாம் வீட்டில் ஆரம்பித்தது. மதாம் நம்ம ஊர்த் தமிழச்சிதான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்தவரைக் கட்டிக்கொண்டு பாதி ஆயுசை அங்கே கழித்தவர். புருஷன் இறந்தபிறகு திரும்பி வந்து, ஒயிட் டவுனில் மாடி வைத்த பழைய வீட்டில் தனியாக இருக்கிறார். நீ ஏ.சி. பார்க்கப் போனாய். ஷோகேஸில் ஒரு சாம்பல்நிற டெலிவரி வேன், உள்ளங்கை அளவு, பக்கத் தகடெல்லாம் வரிவரியாக, ஒரு சக்கரம் கழன்று சாய்ந்து கிடந்தது. மகன் சின்னவனாக இருந்தபோது அவர் புருஷன் அங்கே ஏதோ துறைமுகத்தில் வாங்கிக் கொடுத்தது. "இத நான் எடுத்துட்டுப் போயி சரி பண்ணித் தரட்டுமா மதாம்?" என்று கேட்டிருக்கிறாய். ஏ.சி.யைப் பாதியில் திறந்து போட்டுவிட்டுக் கேட்டாயாம். அவரே சொன்னார்.

அந்த ஒரு சக்கரத்தை நீ மாட்டிக் கொடுத்ததும் மற்ற சொல்தா குடும்பங்களுக்கும் சேதி போய்விட்டது. பரணிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கின. தகரத்தில் செய்த பஸ், கதவு திறக்கிற கார், ஏணி வைத்த தீயணைப்பு வண்டி. எல்லாவற்றுக்கும் ஒரே நோய்தான். வண்டி நன்றாக இருக்கும், சக்கரம் ஆடும். ரப்பர் இறுகிப்போய் வெடித்திருக்கும். வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றதால் டயரின் அடிப்பக்கம் தட்டையாகியிருக்கும்.

அதற்கெல்லாம் நீ கொடுத்த மரியாதை இருக்கிறதே! சக்கரத்தில் கம்பி நுழைகிற துளை தேய்ந்து பெரிதாகியிருந்தால், ஒயரின் மேல்தோலை நூலளவு நறுக்கி உள்ளே சொருகி ஆட்டத்தை நிறுத்துவாய். எண்ணெயை ஊசிமுனையில் தொட்டு வைப்பாய், ரப்பரில் பட்டுவிடக்கூடாது என்று மூச்சை அடக்கிக்கொள்வாய். பசையைத் தொடவே மாட்டாய். "ஒட்டிட்டா அப்புறம் அதக் கழட்ட முடியாதுக்கா. டயருன்னா ஒருநாள் தேயும், மாத்தணும். மாத்தற மாதிரிதான் மாட்டணும்" என்பாய்.

உன் வாயால் சொன்னது. டயர் என்றால் தேயும், மாற்றவேண்டும். எனக்குச் சொன்னாயே, உனக்குச் சொல்லிக்கொண்டாயா?

உனக்கு டயர் கொண்டுவந்து கொடுத்தது நான். மேட்டுப்பாளையம் எஸ்டேட்டில் ரப்பர் வளையம் செய்கிற யூனிட்டில் எனக்குச் செக்கிங் வேலை. தண்ணீர் மோட்டாருக்குப் போகிற வளையங்கள். அச்சில் பிசிறு விட்டதை, ஓரம் சரியில்லாததைத் தனியே ஒதுக்குவேன். சூப்பர்வைசரிடம் கேட்டுக்கொண்டு அதில் சிலதைப் பொட்டலம் கட்டி வைப்பேன். நீ வந்து கேட்டில் நின்று வாங்கிக்கொள்வாய். வளையம் சக்கரத்தின் பள்ளத்தைவிடக் கொஞ்சம் சின்னதாக இருந்தால்தான் பிடிக்கும், ரொம்பச் சின்னதாக இருந்தால் மடங்கிக்கொள்ளும், பெரிதாக இருந்தால் கழன்று ஓடும் என்பதெல்லாம் உன்னால்தான் எனக்குத் தெரியும்.

அன்றைக்கும் அப்படித்தான் வந்தாய். மதாம் வேனில் இன்னொரு சக்கரமும் ஆட ஆரம்பித்துவிட்டது, இந்தத் தடவை எல்லாச் சக்கரத்தையும் கழற்றி முழுசாகச் செய்கிறேன், ஒன்றுக்கு வளையம் போதவில்லை என்றாய். பொட்டலத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாய். வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

"மழ வருது, செத்த நேரம் நின்னு போடா."

"தூறல்தாங்கா. இதுக்குப் போயி நிப்பாங்களா?"

"டயரப் பாத்தியா? மொட்டையா இருக்கு. எத்தினி வாட்டி சொல்றது?"

"ஞாயித்துக்கெழம மாத்திடறேன்."

"எந்த ஞாயித்துக்கெழம?"

"வர்ற ஞாயித்துக்கெழமக்கா. மதாம் வேன முடிச்சிட்டு நேரா டயர் கடதான். போதுமா? உள்ள போ, நனையாத."

என்னைப் பார்த்து நனையாதே என்றாய். ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டாய். அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் படிக்கிறவர்கள் அதைக் கேட்பார்கள். ஹெல்மெட் போட்டிருந்தாய். குடிப்பழக்கம் உனக்குக் கிடையாது. வேகமாகவும் போகமாட்டாய். எல்லாவற்றிலும் ஒழுங்கு, அந்த ஒன்றைத் தவிர.

முன்னால் போன ஆட்டோ நின்றது, நீ பிரேக் பிடித்தாய். அவ்வளவுதான். முன் சக்கரம் நின்றது, பின் சக்கரம் நிற்கவில்லை. ரோட்டு நடுவில் இருக்கிற கட்டையில் மார்பு மோதியது. கதிர்காமம் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கே டாக்டர்கள் விடிகிறவரை உனக்காகப் போராடினார்கள், அவர்களை நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். உன் சாமான்களைப் பையில் போட்டு என் கையில் கொடுத்தார்கள். செல்போன், பர்ஸ், சாவி. அந்த ரப்பர் பொட்டலமும் இருந்தது. ஒரு வளையம்கூட நனையவில்லை.

எழுதிக்கொள்ள வந்த போலீஸ்காரர் நல்ல மனுஷர். சுமதியிடம் சொல்லாமல் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "வண்டி நல்லாத்தாம்மா இருக்கு. டயருதான் மொட்ட. இதப் போட்டுக்கிட்டு மழையில எப்பிடிம்மா ஓட்டுனாரு?" நீயே சொல். எப்படி ஓட்டினாய்?

அதற்குப்பிறகு வந்தவர்கள் எல்லாம் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அவன் நேரம் என்றார் ஒருவர். விதி முடிஞ்சிருச்சு என்றார் இன்னொருவர். நல்லவங்கள ஆண்டவன் சீக்கிரம் கூப்ட்டுக்குவான் என்று எதிர்வீட்டுக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆண்டவன் கூப்பிட்டானா? ஞாயிற்றுக்கிழமைவரை பொறுக்கமுடியாத அளவுக்கு ஆண்டவன் வீட்டில் ஏ.சி. ரிப்பேரா? பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாருக்கும் காபி கொடுத்தேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மதாம் வந்தார். ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு, ஆட்டோ பிடித்து, இவ்வளவு தூரம் வந்தார். உன் படத்துக்குப் பூப் போட்டார். சுமதியின் தலையைத் தொட்டார். பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார், "வேன் எங்க வெச்சிருக்கான்? முடிச்சிட்டானா?"

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "ஏம்மா, படத்துல மாலை இன்னும் வாடல. ஒங்களுக்குப் பொம்ம வண்டி கேக்குதா?" என்று பந்தல் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்திவிட்டேன். அவர் மன்னிப்புக் கேட்கிற குரலில் "பர்தோன்" என்று முணுமுணுத்துவிட்டு, ஊன்றுகோலைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். "பெரியவங்க அண்ணி, பாவம்" என்றாள் சுமதி. யார்தான் பாவமில்லை?

உன் மேசையில் அந்த வேன் அப்படியே இருந்தது. மூன்று சக்கரங்களைப் புதிதாக்கி முடித்திருந்தாய், பழைய வளையம் மிச்சமிருந்ததைப் போட்டு. நாலாவது பக்கத்தில் கம்பி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. சக்கரத்தைப் பக்கத்தில் ஒரு மூடியில் போட்டு வைத்திருந்தாய். எனக்கு அதைத் தெருவில் வீசி எறியவேண்டும் போல இருந்தது. இதற்காகத்தானே உன் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் போயின. இதை முடித்துவிட்டுத்தானே டயர் கடைக்குப் போவதாக இருந்தாய்.

வீசவில்லை. பையில் போட்டுக்கொண்டு மதாம் வீட்டுக்குப் போனேன். உங்கள் சாமான், உங்களோடு போகட்டும், இனி எங்கள் வீட்டில் இதற்கு இடமில்லை என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன்.

கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்துப் பயந்துவிட்டார். உள்ளே வா என்றார். வேனை மேசையில் வைத்தேன். மூன்று சக்கரத்தோடு அது ஒருக்களித்து நின்றது. அவர் அதைத் தொடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு, அதன் நுனியைத் தடவிக்கொண்டே பேசினார்.

"உன் தம்பி என்ன எப்பிடித் திட்டுவான் தெரியுமா? என் புருஷன்கூட அப்பிடித் திட்னதில்ல."

"அவனா? ஒங்களையா?"

"இந்தக் குச்சிக்கு அடியில ரப்பர் தேஞ்சிருந்துச்சி. நான் பாக்கல. அவன் பாத்துட்டான். மொசைக் தரையில சர்ருன்னு போயிடும், இடுப்பெலும்பு ஒடஞ்சா யாரு பாப்பாங்க, ஒங்களுக்கு அறிவிருக்கா மதாம்னு கேட்டான். கையில இருந்து புடுங்கிட்டுப் போயிட்டான். அன்னிக்குப் பூராவும் நான் கட்டில்லயே கெடந்தேன். சாயந்தரம் புதுசு போட்டுக் கொண்டாந்து குடுத்தான். வாலா, பாரு."

நுனியைத் திருப்பிக் காட்டினார். கறுப்பாக, தடிமனாக, அடியில் வட்ட வட்டமாக வரிபோட்ட ரப்பர் குமிழ். எனக்கு அது தெரியும். என் யூனிட்டில் மிஷின் காலுக்குப் போடச் செய்கிற குமிழ். "கிண்ணம் மாதிரி ஒன்னு வேணுங்கா, இவ்ளோ தடிமன்" என்று கட்டைவிரலைக் காட்டிக் கேட்டாயே. எதுக்குடா என்றதற்கு, ஒருத்தங்களுக்கு என்றாயே. பொறுக்கி எடுத்துக் கொடுத்தது நான்தான்.

முரளி, அந்த இடத்தில் நான் உடைந்தேன். அழவில்லை, கத்தினேன். "அவன் டயரு மொட்டம்மா! மொட்ட! ஒங்க குச்சியப் பாத்தவன் அவன் வண்டியப் பாக்கல! அதுலதான் வழுக்கி வுழுந்து செத்தான்!" அந்த உயரமான கூடத்தில் என் குரல் எனக்கே திரும்பி வந்தது.

மதாமுக்கு அது தெரியாது. ஆக்சிடெண்ட் என்று மட்டும்தான் யாரோ சொல்லியிருக்கிறார்கள். முகம் சிவந்தது. பிறகு ஊன்றுகோலைத் தூக்கித் தரையில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினார்.

"ஆம்பெசீல்!" என்றார். "முட்டாப் பய! முட்டாப் பய!"

அதுவரை எல்லாரும் உன்னை நல்லவன் என்றார்கள், தங்கமானவன் என்றார்கள். முதல்முறையாக ஒருவர் உன்னை முட்டாள் என்றார். எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? அந்த மனுஷியைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. இரண்டு பேரும் உட்கார்ந்து மாற்றி மாற்றி உன்னைத் திட்டினோம். அவர் பிரெஞ்சில் திட்டினார், நான் தமிழில் திட்டினேன். அதற்கப்புறம்தான் எனக்கு அழுகை வந்தது. அவர் காபி போட்டுக் கொடுத்தார். அன்றைக்குத்தான் நான் ருசி தெரிந்து ஒரு காபி குடித்தேன்.

கிளம்பும்போது வேனை எடுத்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"எடுத்துட்டுப் போ. முடிச்சிக் கொண்டா."

"எனக்குத் தெரியாதும்மா."

"எனக்கும் தெரியாது. நான் கெழவி, கை நடுங்குது. நீ முடிச்சிக் கொண்டா."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு உன் மேசையில் உட்கார்ந்தேன். சுமதி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். உன் மகள் யாழினி கட்டிலில் படுத்துக்கொண்டு செல்போனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லூரியில் சேர்ந்த பெண், அப்பாவைப்பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை.

நீ எப்படித்தான் செய்தாயோ. ஒயர் தோலை நறுக்கிக் கம்பியில் ஏற்றினேன், சக்கரம் சுற்றவே இல்லை. வேறொன்று போட்டேன், தளதளவென்று ஆடியது. பிளேடால் சுரண்டிச் சுரண்டி ஒருவழியாக உட்கார வைத்தேன். வளையத்தை நீ சொன்ன மாதிரி வெந்நீரில் போட்டேன். ஆஸ்பத்திரியில் கொடுத்தார்களே, அந்தப் பொட்டலத்தில் இருந்தது. மழுங்கிய மூங்கில் குச்சியால் பள்ளத்தில் ஏற்றும்போது அது துள்ளிக் கட்டிலுக்கு அடியில் ஓடியது. "சனியனே!" என்றேன். உன்னைத்தான் சொன்னேன். யாழினி எழுந்து தேடி எடுத்துக் கொடுத்தாள்.

கம்பி நுனியைத் தட்டி அகலப்படுத்தினால்தான் சக்கரம் கழலாது என்று எனக்குத் தெரியும். தட்டினேன். கொஞ்சம் பலமாகவே விழுந்துவிட்டது, சக்கரத்தின் ஓரம் ஒரு நகக்கீறல் அளவு நசுங்கிவிட்டது. உன்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்கமாட்டேன். நீ வந்து செய்திருக்கவேண்டியது.

ஆனால் ஒன்று. அது விரலுக்கடியில் ஆடாமல் சுற்றியபோது, நீ ஏன் ஞாயிறெல்லாம் இங்கேயே கிடந்தாய் என்று கொஞ்சம் தெரிந்தமாதிரி இருந்தது. சின்னச் சக்கரம் சொன்னபேச்சு கேட்கிறது. காலையில் ஆடியது சாயந்தரம் ஆடுவதில்லை. பெரிய சக்கரத்துக்குக் கடைக்குப் போகவேண்டும், காத்திருக்கவேண்டும், வேறொருவன் கையில் கொடுக்கவேண்டும். அதனால்தானா? அவ்வளவுதானா காரணம்? இல்லை, உனக்கு ஒன்றும் ஆகாது என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டிருந்தாயா? ஊரார் விழுந்துவிடுவார்கள், மதாம் விழுந்துவிடுவார், நீ மட்டும் விழமாட்டாய் என்று யார் உனக்குச் சொன்னது?

இப்போது நான் சொல்லப்போவதைக் கேட்டால் உனக்கே கோபம் வரும். வரட்டும்.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பியவள், பையை உன் வீட்டில் மறந்துவிட்டேன் என்று எடுக்கப் போனேன். வாசலில் உன் ஸ்கூட்டர் நின்றது. பாபு ஸ்டேஷனிலிருந்து மீட்டு, மெக்கானிக்கிடம் விட்டுக் கொண்டுவந்திருந்தான். புதுக் கண்ணாடி, புது மட்கார்டு, பளபளவென்று பெயிண்ட். யாழினி துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டு சாவியைப் போட்டுக்கொண்டிருந்தாள். வானம் மூடியிருந்தது. நான் குனிந்து பின்னால் பார்த்தேன்.

அதே டயர், முரளி. அதே மொட்டை. கண்ணாடியை மாற்றியிருக்கிறார்கள், பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், உன்னைக் கொன்ற டயரை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள்.

நான் சாவியைப் பிடுங்கினேன்.

"அத்த, இன்னா அத்த? காலேஜிக்கு லேட்டாவுது!"

"எறங்கு."

சத்தம் கேட்டுப் பாபு வெளியே வந்தான். கையில் டம்ளர். "இன்னாக்கா ஆச்சி? வண்டி நல்லாத்தான் ஓடுது, நானே ஓட்டிப் பாத்தேன்."

"டயரு?"

"டயரு இன்னும் கொஞ்ச நாளு வரும்க்கா. மாத்திக்கலாம் மெதுவா."

"மெதுவாவா? எதுல வழுக்கிச் செத்தான் அவன்?"

"அக்கா, அவரு நேரம் முடிஞ்சிருச்சி. நேரம் வந்தா நல்ல டயருகூடத்தான் வழுக்கும். அதுக்கு யாரு இன்னா பண்றது?"

தெருவே வேடிக்கை பார்த்தது. பார்க்கட்டும் என்று இருந்தது. "நேரம் வரும்போது வரட்டும்டா! அதுக்கு நாமளே பாதைய வழுவழுன்னு தேச்சு வெக்கணுமா? காலன் கவர்ந்தான்னு பேனரு வெச்சியே, இவளுக்கும் ஒன்னு அடிச்சு வெச்சிருக்கியா?"

கடைசி வாக்கியம் அதிகம்தான். பாபுவின் முகம் செத்துப்போயிற்று. கெட்டவன் இல்லை அவன், எனக்குத் தெரியும். வாசலில் சுமதி நின்றுகொண்டிருந்தாள். அவள் பாபுவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "எடுத்துட்டுப் போங்க அண்ணி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ஓட்டிப் போகவிடவில்லை. நானும் யாழினியுமாகக் கடலூர் ரோடு வரைக்கும் தள்ளிக்கொண்டே போனோம். அவள் முகம் கடுகடுவென்று இருந்தது. என்மேல் கோபம். டயர் கடைக்காரர் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கினார். சக்கரத்தைக் கழற்றி, டயரை நெம்பி வெளியே எடுத்து, எங்கள் காலடியில் போட்டார். "இதையாம்மா இத்தினி நாளு ஓட்டினீங்க?" என்றார்.

யாழினி உட்கார்ந்து அதைத் தொட்டாள். உள்ளங்கையால் சுற்றிவரத் தடவினாள். ஓரிடத்தில் உள்நூல் தெரிந்தது, அதை விரலால் நிமிண்டினாள்.

"அப்பா இதப் பாத்துருப்பாரா அத்த?"

"பாத்தான்."

"நீ சொன்னியா?"

"சொன்னேன். உங்கம்மாவும் சொன்னா."

"தெரிஞ்சேதான் ஓட்டுனாரா?"

பொய் சொல்லத் தோன்றியது. எல்லாரும் அவளுக்கு இதுவரை இதமாகத்தான் சொல்லியிருக்கிறார்கள், நானும் ஒன்று சொல்லிவைக்கலாம் என்று. என்னால் முடியவில்லை. "தெரிஞ்சேதான்" என்றேன்.

எழுந்து அந்த டயரை ஓர் உதை உதைத்தாள். அது உருண்டுபோய்ச் சாக்கடை ஓரத்தில் விழுந்தது. பின்னாலேயே போய் இன்னோர் உதை விட்டாள். "எங்க ஸ்கூலு பஸ்ஸு லேட்டுன்னா அந்த டிரைவரோட சண்ட போடுவாரு. எனக்கு வாட்டர் பாட்டிலு மூடி லூசா இருந்தாக்கூட மாத்துவாரு. இத மாத்த மாட்டாராமா?" என்றாள். உன்னைத்தான் கேட்டாள். கடைக்காரர் குனிந்துகொண்டு தன் வேலையைப் பார்த்தார். மனுஷன் நாகரிகம் தெரிந்தவர்.

அழுது முடித்து மூக்கைச் சிந்திக்கொண்டு, "முன்னாடியும் மாத்துங்கண்ணா" என்றாள். முன் டயர் பரவாயில்லாமல்தான் இருந்தது. நான் குறுக்கே பேசவில்லை. புதுசு இரண்டையும் மாட்டியபிறகு, பட்டன்களுக்கு நடுவில் நகத்தைவிட்டு ஆழம் பார்த்தாள். அப்போது அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்த விதம் அப்படியே நீதான். எனக்கு அதைப் பார்க்கவும் பொறுக்கவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

அந்த வாரமே அவள் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து, வேனைக் கொண்டுபோய் மதாமிடம் கொடுத்தோம். மதாம் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாலு சக்கரத்தையும் சுற்றிப் பார்த்தார். மேசையில் வைத்து விரலால் தள்ளினார். ஓடியது. ஆனால் கொஞ்சம் இடதுபக்கம் இழுத்துக்கொண்டு ஓடிப் பூச்சாடியில் முட்டியது.

"முரளி செஞ்சா நேராப் போவும்" என்றார் மதாம்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "அப்போ குடுங்க, மறுபடியும் கழட்டிப் பாக்கறேன்" என்று கையை நீட்டினேன். அவர் தரவில்லை. யாழினி பூச்சாடியை நகர்த்தி வைத்தாள். மதாம் மறுபடி தள்ளினார். இந்தத் தடவை அது மேசை விளிம்புவரை போனது, யாழினி கை கொடுத்துப் பிடித்தாள். அவள் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். நீ அங்கே இருந்திருக்கவேண்டும். இருந்திருக்கமுடியும், அதுதான்டா என் கோபமே. இருக்க முடியாமல் போனவர்கள்மேல் யாரும் கோபப்படுவதில்லை.

நாள் போனால் ஆறிவிடும் என்கிறார்கள். ஆறவில்லை. உன் படத்துக்கு முன்னால் விளக்கேற்றும்போதுகூட முதலில் வாயில் வருவது திட்டுதான், அப்புறம்தான் திருநீறு. சுமதிக்கு அது பழகிவிட்டது. சிலநாள் அவளும் சேர்ந்துகொள்கிறாள்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். உன் படத்தைத் துடைப்பேன், பூ வைப்பேன், ஆனால் உன்னைத் தெய்வமாக்கமாட்டேன். நம் வீட்டுக்கு இனி வண்டியில் யார் வந்தாலும், சொந்தக்காரனோ பால்காரனோ பாபுவோ, முகத்தைப் பார்த்து வா என்று சொல்வதற்கு முன்னால் குனிந்து டயரைப் பார்ப்பேன். மொட்டையாக இருந்தால் சாவியைப் பிடுங்குவேன். பைத்தியக்காரி என்பார்கள். சொல்லட்டும். அவர்கள் கோபித்துக்கொண்டு உயிரோடு வீடு போய்ச் சேரட்டும்.

இன்னும் உன்னோடு சண்டை தீராத,
உன் அக்கா